டப்பா சேச்சி வந்த பிறந்தநாள்

எங்கள் சந்தில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் வாழ்க்கையில் முதன்முதலாகத் தூக்கிவாரிப் போட்டது டப்பா சேச்சியால்தான். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. வேலை முடிந்ததும் புடவையெல்லாம் சுக்கு வாசனையோடு, இடுப்பில் ஒரு தகர டப்பா, கையில் ஒரு கரண்டி சகிதம் சந்துக்குள் நுழைவார். எந்தெந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஓசைப்படாமல் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று டணார் என்று ஓர் அடி. குழந்தை திரும்பிப் பார்த்து வீலென்று அலறும். சேச்சியின் முகம் மலர்ந்துவிடும்.

"செவி உண்டு," என்பார். அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்.

ஒரு வீட்டில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற விசேஷம். எல்லாரும் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தபோது பின்னால் டணார்! தாத்தாவின் பல்செட் பாயசத்துக்குள் விழுந்தது. "செவி உண்டு" என்று சொல்லிவிட்டு இலையில் உட்காராமல்கூடப் போய்விட்டார் சேச்சி. பாயசம் யாருக்கும் இறங்கவில்லை.

வழியில் பார்த்தால் "சாயா குடிச்சாச்சா" என்று கேட்கிற ஊர் இது. சேச்சி கேட்பது வேறு: "குட்டி விரல் சூண்டுதா?" குட்டி என்றால் குழந்தை, சூண்டுவது என்றால் சுட்டிக்காட்டுவது. எங்கள் தமிழ் அப்படித்தான், பாதி மலையாளம். காக்காய் எங்கே, லைட் எங்கே என்று கேட்டால் குழந்தை விரலை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் மறுநாளும் வருவார். பிஸ்கட்டை டம்ளருக்கு அடியில் ஒளித்துவைத்து, குழந்தை டம்ளரைத் தூக்குகிறதா என்று பார்ப்பார். தூக்காத குழந்தையின் அம்மாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு. பிஸ்கட்டை சேச்சியே தின்றுவிடுவார்.

யாரோ ஒருவர் துபாயிலிருந்து பேரனுக்குச் சக்கரம் வைத்த வாக்கர் அனுப்பினார். சேச்சி அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு போய் ஆக்ரிக் கடையில், பழைய இரும்போடு இரும்பாகப் போட்டுவிட்டார். "கால் தானா ஊனணும்டீ! சக்கரம் கட்டி ஓட்ட அது என்ன ஆட்டோவா?"

அவர் தலை தெரிந்தால் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். நானும் என் மகள் மீனுவைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு வருஷம் டப்பாவுக்குச் சிக்கவிடாமல் வைத்திருந்தேன்.

எனக்குக் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கணவருக்கு எறணாகுளம் பிராட்வேயில் துணிக்கடை. பகலில் மீனுவை என் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். மீனுவின் முதல் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடு நிறையக் கூட்டம். கேக்கை வெட்டி, க்ரீமை மீனுவின் கையில் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து டணார்!

என் மேலதிகாரி சட்டையில் ஆரஞ்சு ஜூஸைக் கொட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூன்றும் ஒரே சுருதியில் அழுதன. மீனு மட்டும் க்ரீமை நக்கிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு தைரியசாலி!" என்றார் என் கணவர். எல்லாரும் சிரித்தோம்.

சேச்சி சிரிக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தார். இடது பக்கம் போய் அடித்தார், வலது பக்கம் வந்து அடித்தார். பிறகு என் காதோடு சொன்னார்: "மோளே, இவளுக்குக் கேக்கல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவ நான் வந்தாத் திரும்பிப் பாப்பா. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்திருந்தா இப்படிப் பேச வாய் வருமா?"

சேச்சி கரண்டியை டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அப்புறமும் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் தள்ளி நின்றே சொல்வார். "ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வா, மோளே." நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

எட்டு மாதம் இப்படிப் போனது. மீனு நடந்தாள், ஏறினாள், தாவினாள். ஒரு சொல் வரவில்லை. "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மீனு சந்தில் குந்தி உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஓர் ஆட்டோ. ஹாரன் அடித்தான், மறுபடி அடித்தான். நான் "மீனூ" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. மீனு எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் எழுப்பிய தூசி மேலே பட்டபிறகுதான் திரும்பினாள்.

திங்கட்கிழமையே எறணாகுளத்தில் டாக்டரிடம் போனோம். இரண்டு காதிலும் ரொம்பக் குறைவு என்றார். அவள் திரும்பியதெல்லாம் எங்கள் நிழலைப் பார்த்து, தரையின் அதிர்வை உணர்ந்து. "இந்த வயசுலதான் காது வழியாப் பேச்சு உள்ள போகும். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்," என்றார். எத்தனை முன்னாடி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அன்று மாலையே சேச்சி வீட்டுக்குப் போனேன். இருமிக்கொண்டு படுத்திருந்தார். கிடங்குத் தூசு நெஞ்சில் தங்கிவிட்டதாம். நான் பேசத் தொடங்குமுன்பே எழுந்து உட்கார்ந்து, "காதுக்கு மெஷின் எப்போ வைப்பாங்க?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம். சேச்சி, அன்னைக்கு நான் சொன்னது..."

"எனக்கு ஒரு மோன் இருந்தான். கூப்பிட்டா வரமாட்டான். அகங்காரம்னு நினைச்சேன்." முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். "அடிச்சிருக்கேன், மோளே. நல்லா அடிச்சிருக்கேன். நாலு வயசுல பஜார்ல ஒரு லோரி பின்னால வந்தது. ஆளுங்க எல்லாம் கத்தினாங்களாம்."



மீனுவுக்குக் காதில் மெஷின் வைத்த பிறகு தினமும் சாயங்காலம் சேச்சி வந்தார். இருமலுக்கு நடுவில் காக்காய் மாதிரி கத்துவார், ஆடு மாதிரி கத்துவார், படகு ஹாரன் அடிப்பார். மீனு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மா" வந்த அன்று சேச்சி என்னைவிட அதிகமாக அழுதார். அப்புறம் தண்ணி, பூ, ஆட்டோ. "சேச்சி" மட்டும் வரவில்லை. "அது கஷ்டமான சொல்லாக்கும். மெல்ல வரட்டும்," என்பார்.

போன ஆடியில், கர்க்கடக மழையில் இருமல் அதிகமாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்து, மீனுவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். என் கையை உதறிவிட்டுப் பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றாள். "தேத்தி," என்றாள். பதில் வருமென்று காத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லித் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சந்து திரும்புகிற இடத்தில் நின்று, நானும் ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.