லோயர் அண்ணனின் ஏழு ஜென்மம்

பல்லவ, சோழ, பாண்டிய மன்னர்கள் அத்தனை பேரும் செத்த பிறகு எங்கே போனார்கள் என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். எண்பதுகளின் கடைசியில், இரும்புலியூரில் ஒரு மாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து, ஏ எஸ் டி எஃப் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர் லோயர் அண்ணன்.

சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். முப்பது வயது. இங்கிலீஷ் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையை ஆறு தடவை எழுதி, ஆறு தடவையும் கோட்டை விட்டதால் அந்தப் பெயர். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "லோயர் வந்திருக்காரு" என்றேன். கொத்தனாரான என் அப்பா வெலவெலத்துப் போய், "இன்னா கேசுங்க, வக்கீல் சார்?" என்றார்.

அண்ணனுக்கு ஞானம் பிறந்த கதை சுவாரசியமானது. வரி முடியப்போகிறது என்று டைப்ரைட்டரில் ஒரு சின்ன மணி அடிக்கும். ஆறாவது தோல்விக்கு மறுநாள், அந்த மணி அடித்ததும் விருட்டென்று எழுந்து நின்றார்.

"முழிச்சிக்கிட்டேன்!"

இன்ஸ்டிட்யூட் ஓனர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இவ்ளோ நேரம் தூங்கிகினா இருந்தே?"

அன்றிலிருந்து முன்ஜென்ம ஆராய்ச்சிதான். கைரேகை, ஜாதகம் எதுவும் தேவையில்லை. நாம் அடித்த தாளில் இருக்கும் தப்பே போதும். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நாலு மனை வைத்திருந்தவரின் மகனுக்கு 'ஏ' எழுத்து மங்கலாக விழும். அண்ணன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுண்டு விரல் வீக்கு. நீ சோழ தளபதி. அந்த விரல் போர்க்களத்துல போச்சு."

தளபதி அன்று எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தான். ரிட்டையர்டு ஆபீசர் மகள் ஸ்பேஸ் விட மறப்பாள், அவள் பாண்டிய இளவரசி, "வழிவிட்டுப் பழக்கம் இல்ல." இப்படி வசதிக்குத் தகுந்தாற்போல ராஜ்ஜியங்கள் பட்டுவாடா ஆயின. குப்பையள்ளியாகவோ, சலவைக்காரியாகவோ அந்த மாடியில் ஒருவரும் போன ஜென்மத்தில் இருந்ததில்லை.

என் முறை வந்தது. அண்ணன் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உனக்கு முன்ஜென்மமே இல்லடா. இதான் ஃபர்ஸ்ட்டு."

"மச்சான், உன்னிது பிராண்டு நியூ ஆத்மாடா!" என்று தளபதி கெக்கலித்தான். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பரம்பரையாகப் பட்டாதான் இல்லை என்றால், முன்ஜென்மத்திலும் இடமில்லை என்றால் எப்படி? எரிச்சலாக இருந்தது. ஆனால் எரிச்சல்பட நேரமில்லை. கிளார்க் வேலைக்குச் சொல்லி வைத்திருந்த இடத்தில் லோயர் சர்ட்டிபிகேட் கேட்டிருந்தார்கள். இந்த முறை தவறினால் அப்பாவோடு சாந்துக் கரண்டி பிடிக்கப் போகவேண்டியதுதான்.

பரீட்சை நாள். எனக்கு முதல் தடவை, அண்ணனுக்கு ஏழாவது. பக்கத்துப் பக்கத்து மெஷின். ஒத்திகைக்கு ஒரு வரி அடித்துப் பார்த்தேன். 'ஈ' எழுத்து போய்த் தாளில் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவே இல்லை. ஈ இல்லாமல் இங்கிலீஷில் என்ன எழுத முடியும்?

"சார், ஈ ஒட்டிக்குது சார்!" என்று கத்தினேன்.

சூப்பர்வைசர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓட்டிட்டு எழுதுப்பா. ஈக்கெல்லாம் என்னைக் கூப்டுவியா?"

ஹாலே சிரித்தது. அப்போது லோயர் அண்ணன் எழுந்து வந்தார்.

"டேய், எழுந்திரு. இது என் மெஷின்."

"அண்ணா, இதுல ஈ..."

"போன ஜென்மத்துலேர்ந்து என் மெஷின்டா. ஏழாவது தடவை இதுல எழுதினாதான் எனக்குப் பாஸ்னு இருக்கு. கெடுக்காத, எழுந்திரு."

"யாருய்யா அது, பேஜார் பண்றது? எங்கனா உக்காருங்கய்யா. ஸ்டார்ட்!" என்றார் சூப்பர்வைசர்.

அவர் மெஷினில் உட்கார்ந்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. பக்கத்தில், நாலு எழுத்துக்கு ஒரு தடவை 'டக்' என்று விரலால் ஈயைக் கிளப்பிவிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஸ்பீடு போய்விடும்.

ரிசல்ட் வந்தது. நான் பாஸ். அண்ணன் வழக்கம்போல.

"அந்த மெஷின்ல எழுதினா பாஸ்னு சொன்னீங்களே?"

"கணக்குல ஒரு ஜென்மம் தப்பாப் போச்சுடா" என்று சைக்கிளில் ஏறினார்.

பூர்வஜென்மம், மறுஜென்மம் எதிலும் எனக்கு இன்றுவரை நம்பிக்கை கிடையாது. ஒருவேளை அப்படி ஒன்று இருந்து, அங்கேயும் லோயர் பரீட்சை வைத்தால், ஈ ஒட்டுகிற மெஷினில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், அண்ணா.