மணலைத் தொடாத ஒரு நாள்

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். தங்கள் மகளின் கணுக்கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. தாங்கள் எங்கள் பக்கத்து மனையில் கட்டிவரும் வீட்டின் கடைசிச் சுவர் மட்டும் நேற்று எவ்வளவு உயரம் இருந்ததோ இன்றும் அவ்வளவே இருக்கிறது. மேற்பார்வையை என்னை நம்பி ஒப்படைத்தீர்கள். கொத்தனார் சொல்லித் தங்களுக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடுவது முறை என்று தோன்றுகிறது.

கால் சுளுக்கியதால் இன்றைய ஓவிய வகுப்பைத் தங்கள் மகள் என் தலையில் கட்டினாள். "சொதப்பிடாதீங்க மாமா, ஏற்கெனவே ரெண்டு பிள்ளைங்க நின்னுட்டாங்க" என்றாள். பாடம், மோனே என்ற ஓவியர். ஒரே வைக்கோற்போரைக் காலை, நண்பகல், மாலை என வெவ்வேறு வெளிச்சத்தில் வரைந்தவராம். எனக்கு நேர்கோடு போடவே அளவுகோல் வேண்டும்; ஆனாலும் புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்தேன். வைக்கோற்போருக்கு எங்கே போவேன்? அதே வடிவில் அகப்பட்டது தங்கள் மணல் குவியல் ஒன்றுதான். பிள்ளைகளை அதற்கு எதிரே வரிசையாக உட்காரவைத்தேன், காலைப் படம் நன்றாகவே வந்தது, அது காய்வதற்குள் கொத்தனார் மண்வெட்டியோடு வந்து ஒரு சட்டி அள்ளிவிட்டார், உச்சி சரிந்தது, "தாத்தா, மூக்கு போச்சு!" என்று ஒரு சிறுமி அழத் தொடங்க மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், நான் குறுக்கே போய் நின்றேன். எப்படி நின்றேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் தொடாம இருக்க முடியுமா?" என்றேன்.

"மணல் இல்லாம சுவரை ஊதியா எழுப்புறது, பெரியவரே? உங்க சம்பந்தி மாசக் கடைசியில வாடகை வீட்டைக் காலி பண்ணணும், ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"அவர் கேட்டா?"

"நான் எழுதிடறேன்."

அந்தச் சட்டி மணலைக் கொட்டி மூக்கைத் திரும்ப வைத்தார். பிறகு குவியலின் நிழலிலேயே உதவியாளோடு படுத்துத் தூங்கிவிட்டார். நண்பகல் படங்கள் எல்லாவற்றிலும் மணலுக்குப் பின்னாலிருந்து நான்கு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அழிக்கச் சொல்லலாமா என்று யோசித்து, வெளிச்சம் அவற்றின் மேலும் விழுந்ததால் விட்டுவிட்டேன். ஒரு பிள்ளையும் வகுப்பிலிருந்து நிற்கவில்லை. நாளை விடிந்ததும் வேலை தொடங்கும், மாதக் கடைசிக்குள் தாங்கள் குடியேறலாம். இதற்கு நான் பொறுப்பு.

தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் உடல்நலமும், இதைப் படித்து முடிக்கும்வரை பொறுமையும் கூடிவர வேண்டுகிறேன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் மகள் படங்களைப் பார்த்தாள். மிகவும் மகிழ்ந்தாள். புத்தகத்தின் அடுத்த பக்கத்தை நான் புரட்டவே இல்லை என்பதையும் தெரிவித்தாள். ஓவியர் ஒரு நாளோடு விடவில்லையாம். கோடை முடிவில் தொடங்கிப் பனிக்காலம் தாண்டியும் வரைந்தாராம். அதுவரை மணலைத் தொட வேண்டாமென்று கொத்தனாரிடம் அவளே பேசி அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டாள். "அப்பாகிட்ட நீங்களே பக்குவமா எழுதிடுங்க மாமா" என்கிறாள். ஆகவே, மேலே நான் பொறுப்பேற்றதைப் படிக்காததாகக் கொள்ளவும். மாதக் கடைசியில் பெட்டி படுக்கையோடு நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள். தங்கள் கட்டிலைச் சன்னலோரம் போட்டிருக்கிறோம். அங்கிருந்து மணல் நன்றாகத் தெரிகிறது.