தட்டண்ணை கொடுத்த திவசம்

உலகத்திலேயே ஒரு வெள்ளைக்காரச் சங்கீத வித்துவானுக்கு வருடா வருடம் உழுந்து வடை சுட்டுத் திவசம் கொடுக்கிற ஒரே மனிதர் எங்கள் தட்டண்ணைதான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது நிரூபித்தால், எங்கள் ஜெர்மன் நகரமான வுப்பர்டாலின் தொங்கு ரயிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு நான் ஊரைச் சுற்றி வரத் தயார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. தபால்பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். அதைத் தபால்காரர் ஒருவர்தான் வாசிக்கிறார். மற்ற எல்லோருக்கும் அவர் இசைத்தட்டு அண்ணை, சுருக்கமாகத் தட்டண்ணை. நான் அவருக்கு மேல்மாடி வீட்டுக்காரன். அவர் வீட்டில் தட்டு சுழன்றால் என் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும்.

தட்டண்ணை ஒரு பள்ளிக்கூடத்தில் ஹவுஸ்மைஸ்டராக இருந்து இளைப்பாறியவர். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் சங்கீத வகுப்பறையை ஒதுக்கி, பழைய தட்டுகளையெல்லாம் குப்பைக்குப் போடச் சொன்னார்கள். போடச் சொன்ன எதையும் அண்ணை சரித்திரத்தில் போட்டதில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பெட்டிக்குள் இருந்த அத்தனை தட்டும் ஒரே ஆளுடையவை. விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் சிரிப்பு நாடகங்களுக்கு இசை அமைத்துப் பேரெடுத்தவர். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதற்கு அண்ணை இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. அவர் "ஐயா" என்பார். நாமும் ஐயா என்றே வைத்துக்கொள்வோம்.

பிறகென்ன, மனுசனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியை மடியில் வைத்து, ஐயாவின் வாழ்க்கையை வரி வரியாகப் படித்தார். ஐயா வாலிபத்தில் ஜெர்மனிக்கு வந்து சங்கீதம் கற்றவர் என்று கண்ட அன்று, படியேறி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, அவரும் எங்களை மாதிரித்தான். குளிருக்குள்ள வந்து, டொச் பாஷை படிச்சு, வாடகை அறையில இருந்து கஷ்டப்பட்டவர்."

"அவருக்கும் விசாப் பிரச்சினை இருந்ததோ அண்ணை?"

"நக்கல் அடியாதையும்."

அதற்குப் பிறகு சந்தை சந்தையாக அலைந்து சேர்த்தார். ஒரே சிரிப்புப் பாட்டு அவரிடம் பதினொரு தட்டில் இருந்தது. போகிறவர் வருகிறவரை இருத்திவைத்துப் பதினொன்றையும் போடுவார். "இதிலை பாடுறவர் மூச்சு விடுறார், அதிலை விடேல்லை, கவனிச்சனீரோ?" என்பார். மிகப் பழைய தட்டில் பாடகர் நாய் துரத்தியதுபோல் ஓடுவார். அண்ணை அதற்கு விளக்கம் வைத்திருந்தார்: "அந்தக் காலத்தில தட்டின்ரை ஒரு பக்கத்தில கொஞ்ச நேரம்தான் கொள்ளும். தட்டு முடியிறதுக்குள்ள ஆள் பாடி முடிக்கவேணும். ஓடாமல் என்ன செய்யிறது?"

எல்லாம் நல்லாய்த்தான் போய்க்கொண்டிருந்தது, புத்தகத்தின் கடைசி அத்தியாயம் வரும்வரை. ஐயா கலியாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அண்ணைக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, வந்து சொன்னார். "செத்தவருக்கு ஒரு பிடி சோறு வைக்க ஆளில்லையாம். நூறு வருசத்துக்கு முந்திச் செத்தவருக்கு இந்த மனுசன் இண்டைக்கு இருந்து அழுகுது."

மறுநாள் அண்ணை கோயில் ஐயருக்குப் போன் போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஆருக்கு அண்ணை திவசம்?"

"எங்கடை ஐயாவுக்கு."

"கோத்திரம்?"

"தெரியேல்லை."

"தெரியாட்டிப் பரவாயில்லை, சிவகோத்திரம் எண்டு வைப்பம். திதி?"

"இங்கிலீசுத் திகதிதான் கிடக்கு."

"ஊர்?"

"லண்டன்."

"ஓ, லண்டனிலையோ இருந்தவர். எப்ப மோசம் போனவர்?"

அண்ணை வருடத்தைச் சொன்னார். மறுமுனையில் ஐயர் பஞ்சாங்கத்தை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. ஆள் யாரென்று விசாரித்து, விஷயம் முழுவதையும் கேட்டு முடித்தபின், பாவம், நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "உதுக்கெல்லாம் நான் வர ஏலாது அண்ணை. திதி தெரியாட்டி அமாவாசையில சோறு வைச்சு நினையுங்கோ," என்று வைத்துவிட்டார். அமாவாசை செவ்வாய்க்கிழமை வந்தது. ஜெர்மனியில் செவ்வாய்க்கிழமை திவசத்துக்கு யார் வருவார்கள்? அண்ணை அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளினார்.

அடுத்த சண்டை குசினியில். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்பது முறை. ஐயாவுக்குப் பிடித்தது மாட்டிறைச்சி வறுவலாக இருக்கும் என்று அண்ணை ஊகித்தார். "என்ரை குசினிக்குள்ள ஏலாது. அவர் இஞ்சை வாறதெண்டால் மரக்கறிதான்," என்று அக்கா சொல்லிவிட்டார். கடைசியில் உழுந்து வடை, பாயாசம், பொரித்த உருளைக்கிழங்கு, பால் விட்ட தேத்தண்ணி என்று சமாதானமானது. ஐயாவுக்குச் சூதாட்டத்தில் கொஞ்சம் பிரியம் இருந்ததாம். ஆகவே வாழையிலைக்குப் பக்கத்தில் ஒரு காட்ஸ் கட்டு. சாப்பாடு முடிந்ததும் ஆம்பிளைகள் அதே கட்டில் முந்நூற்றிநாலு விளையாடுவோம். ஐயாவின் ஆத்மா அதைப் பார்த்து நிச்சயம் சாந்தியடைந்திருக்கும்.

ஆனால் சாப்பாட்டுக்கு முன் ஒரு கண்டம் இருந்தது. ஐயா வாழ்நாளெல்லாம் ஏங்கியது சிரிப்பு நாடகத்துக்காக அல்ல; தன்னைக் கனமான இசை எழுதுகிறவன் என்று உலகம் மதிக்கவேண்டும் என்பதற்காகத்தான். அப்படி ஒரு பெரிய படைப்பை எழுதியும் வைத்தார். உலகம் சிரிப்புப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை மறந்துவிட்டது. அண்ணையிடம் அதற்கு இருந்தது ஒரே ஒரு தட்டு. முக்கால் மணித்தியாலம் ஓடும். அது முடியும்வரை வடைச்சட்டி மூடியே இருக்கும்.

போதாக்குறைக்கு அந்தத் தட்டில் ஒரு கீறல். இரண்டாம் பக்கத்தின் முடிவுக்குக் கிட்ட ஊசி மாட்டிக்கொண்டு அதே இடத்தில் சுற்றும். அப்போது அண்ணை சின்னவிரலால் ஊசிக்கையை மயிரிழை தள்ளுவார். கொஞ்சம் கூடினால் முடிவே போய்விடும். வேறு யாரையும் கிட்ட விடமாட்டார். "போனில கீறலில்லாமல் கிடைக்குமே அண்ணை?" என்று கேட்டேன். "போனில கேக்கிறவன் நடுவில வாட்ஸப் பாப்பான்," என்றார். தட்டில் போட்டும் நாங்கள் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். வடை வாசம் மூக்கில், அண்ணையின் முதுகு எங்கள் பக்கம், ஆளுக்கொரு போன் கையில். கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி ஒருவர் மட்டும் கண்ணை மூடி அசையாமல் இருப்பார். அந்த அம்மா முதலாம் நிமிடத்திலேயே நித்திரை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணையோ, "ரசிக்கிறதெண்டால் அப்பிடி ரசிக்கவேணும்," என்று எங்களுக்குப் புத்தி சொல்வார்.

தட்டு முடிந்ததும் பரீட்சை. "சொல்லும் பாப்பம், கடைசியில என்ன வருது?"

ஒருவர் "மேளம்" என்பார். ஒருவர் "கைதட்டல்" என்பார். நான் ஒரு வருடம் துணிந்து, "எல்லாரும் சேந்து அடிக்கினம் அண்ணை, காது கிழியுது," என்றேன். அண்ணை என்னைப் பார்த்தார். போய் வடைச்சட்டியைத் திறந்தார்.

இதில் மனுசனுக்கு என்ன இத்தனை பிடிவாதம் என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். ஒரு செத்த வீட்டில்தான் விளங்கியது. தட்டண்ணை எங்கள் கலைவிழாக்களில் சிரிப்பு வேடம் போடுகிறவர். மேடையில் கால் வைத்தாலே சனம் சிரிக்கும். பழைய சிநேகிதர் ஒருவர் தவறிப்போக, இரண்டு வார்த்தை பேச எழுந்தார். வாய் திறக்குமுன் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பத்துப் பேர். அண்ணை கையில் இருந்த தாளை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு இருந்துவிட்டார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. சிரித்த பத்துப் பேரில் நானும் ஒருவன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் அண்ணைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. திவசச் சனிக்கிழமை அவர் நடை பழக்குகிற ரேஹா நிலையத்தில் கிடந்தார். திவசம் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"தம்பி, ஊசிக்கு நீர்தான் நிக்கவேணும்."

"எனக்கு ஏலாது அண்ணை. தட்டு பழுதாப் போகும்."

"சின்னவிரல். மயிரிழை. முதல்லயிருந்து கேட்டுக்கொண்டு நிண்டால் இடம் தானாத் தெரியும்."

வேறு வழி? ஊசிக்குக் காவல் நிற்கிறவன் போன் பார்க்கமுடியாது. நித்திரையும் கொள்ளமுடியாது. எந்த நிமிடத்தில் மாட்டுமோ என்ற பயத்தில், என் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு தட்டை முதலிலிருந்து கேட்டேன். அது மாட்டியது. வியர்த்த விரலால் தள்ளினேன். நல்லகாலம், தாண்டவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாத்தியமாக விலகிப் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு புல்லாங்குழல், மற்றவர்கள் எழுந்து போனதை அறியாததுபோல் கொஞ்சம் வாசித்து, நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா குசினி வாசலில் கரண்டியோடு நின்றார். கிழவியும் விழித்திருந்தார்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார்.

"மாட்டினதோ?"

"மாட்டினது. தள்ளினன்."

"கடைசியில என்ன வருது?"

"ஒரு புல்லாங்குழல் மட்டும் தனிய நிக்குது அண்ணை."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது, அண்ணை எழும்பி இருக்கிறார்.

"ஓம்," என்றார் தட்டண்ணை. "அப்ப எல்லாரும் சாப்பிடுங்கோ."

இந்த வருடத் திவசம் வருகிற சனிக்கிழமை. முழங்கால் சுகம், ஊசிக்குப் பக்கத்தில் அவரே நிற்பார். நான் முன் கதிரையில் இருப்பேன். போனை மேல்வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன்.