நான் லாரியாக இருந்த காலம்

உழைக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. 'இன்றைக்கு வேண்டாம்' என்று மட்டும்தான் முடிவு செய்வேன். நான் வேலை பார்த்த அரவை மில்லை முதலாளி பூட்டிவிட்டுப் போனதிலிருந்து அந்த முடிவை தினமும் காலையில் புதுப்பித்துக்கொண்டு வந்தேன்.

அப்படி ஒரு காலையில், வாசல் பெஞ்சில் மல்லாந்து படுத்து உலக நடப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

"வேலையில்லாத கிராமப்புற இளைஞர்களே! அரசாங்கம் நடத்தும் டிராபிக் வார்டன் பயிற்சி! உடுப்பு உண்டு, உதவித்தொகை உண்டு, தேறினால் வேலை உண்டு!"

வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தேன். அதற்கப்புறம் ஆட்டோக்காரர் இன்னொன்றும் சொன்னார்: "ஆண், பெண் இருபாலரும் சேரலாம்!" அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் என் மனைவி துவைக்கிற கல்லில் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, கேட்டுச்சா?"

"என்னது?"

"ஊருக்கே கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கலையா?"

"பழைய பாத்திரம் வாங்கறவன்னு நினைச்சேன்."

"பாத்திரக்காரன் உதவித்தொகை குடுப்பானா? டிராபிக் வார்டனுக்கு ஆள் எடுக்கறாங்களாம். கடைசியில என்னமோ சொன்னாங்க, துவைக்கற சத்தத்துல காதுல விழலை. நாளைக்கே டவுனுக்குப் போய்ப் பேரைக் குடுங்க."

"நாள் பூரா வெயில்ல நிக்கணுமே."

"இப்பவும் வெயில்லதான் படுத்திருக்கீங்க."

"புகை, தூசி... எனக்கு மூச்சு விடறதே கஷ்டம்."

"குறட்டைக்கு மட்டும் நல்லா வருதே!"

உங்களிடம் சொல்வதற்கென்ன, வெயிலும் புகையும் சும்மா சாக்கு. மில் பூட்டின புதிதில் நானும் ஏறாத படி இல்லை. போன இடத்திலெல்லாம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'சொல்லி அனுப்பறோம்' என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இன்னொரு தடவை போய் அந்த வார்த்தையைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பெஞ்சு அப்படியெல்லாம் சொல்லாது.

இவளோ விடுகிற மாதிரி இல்லை. சோறு போடும்போது டிராபிக் வார்டன். தண்ணீர் கொடுக்கும்போது டிராபிக் வார்டன். பாயை விரித்துப் போட்டுவிட்டும் அதே பேச்சு. வேறு வழியில்லாமல் மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரரைத் தேடிப் போனேன். சட்டையைச் சொன்ன நாளில் தைத்துத் தரமாட்டாரே தவிர, யோசனையைக் கையோடு தந்துவிடுவார். தையல் மிஷின் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய முட்டை இருந்தது. அவர் வீட்டில் கோழி கிடையாது.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தம்பி, வேலை எனக்கு வேண்டாம்னு சொன்னாத்தான் சண்டை வரும். வேலைதான் என்னை வேண்டாம்னு சொல்லுதுன்னு சொல்லிப் பாரு."

"எப்படிண்ணே?"

"டவுனுக்குப் போ. ஒரு டீ குடி. திரும்பி வந்து, இந்தத் தடவை பொம்பளைங்களை மட்டும்தான் எடுக்கறாங்களாம்னு சொல்லிடு. அவ்வளவுதான், ஆளை விடுன்னு ஆயிடும்."

அவர் காலில் விழாத குறை. அப்படியே செய்தேன். டவுனில் இரண்டு டீயாகக் குடித்தேன். வரும் வழியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளப் பழகினேன்.

"என்னங்க ஆச்சு?"

"நமக்குக் குடுத்து வைக்கலை. பொம்பளைங்களை மட்டும்தான் எடுக்கறாங்களாம். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்."

"அடடா!" அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். "உங்களுக்குன்னு ஒரு நல்ல காலம் வந்துச்சேன்னு நினைச்சேனே." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பொம்பளைங்கன்னா... அப்ப நான் வேணா போகட்டுமா?"

"நீயா?"

"உங்களால முடியாமப் போச்சே, அதுக்குத்தான்."

மற்ற நாளாக இருந்தால் நான் விட்டிருப்பேனா? பெண்பிள்ளை நடுரோட்டில் நின்று கை காட்டுவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்து, அக்கா, அத்தான், சித்தப்பா என்று ஒரு படையையே கூட்டியிருப்பேன். இப்போது எந்த வாயால் சொல்வது? அரசாங்கம் பெண்களைத்தான் கூப்பிடுகிறது என்று சொன்னதே என் வாய்தான். 'போகட்டும், இரண்டு நாளில் காலில் கொப்புளத்தோடு திரும்பி வந்துவிடுவாள்' என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

கொப்புளம் வந்தது. அவள் நிற்கவில்லை. தினமும் முதல் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பினாள்.

எனக்கோ மடியில் கனம். "அங்க ஆம்பளைங்க யாராவது...?" என்று இழுத்தேன்.

"சொல்லிக் குடுக்கற சார் ஒருத்தர்தான். பெரிய மீசை."

அப்பாடா! என் பொய்யை அரசாங்கமே மெய்யாக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுப்பு என் பொறுப்புக்கு வந்தது. முதல் வாரம் நான் வடித்த சோற்றைக் கோழிகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. போகப் போக நானே இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அவள் முற்றத்து நடுவில் ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"ஏங்க, கை சைகை பழகணும். எதிர்ல வண்டி இல்லாம எப்படிப் பழகறது? கொஞ்சம் வாங்களேன்."

அப்படித்தான் நான் வண்டியானேன். சைக்கிளாகத்தான் சேர்ந்தேன். சொந்த உழைப்பால் லாரியாக உயர்ந்தேன். சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். பிரேக் சத்தம் வாயால் போட வேண்டும்: புஸ்ஸ்ஸ். தையல்காரர் பஸ். கோழிகள் பாதசாரிகள், எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் குறுக்கே ஓடுவதில் அசல் பாதசாரிகளேதான்.

சட்டம் ஒன்றே ஒன்று. அவள் உள்ளங்கையைக் காட்டினால் நிற்க வேண்டும். திரும்பக் கை அசைக்கிறவரை அசையக் கூடாது. ஒரு நாள் எனக்கு உள்ளங்கையைக் காட்டிவிட்டு, பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"என்ன தம்பி, தட்டைப் பிடிச்சுக்கிட்டு முற்றத்துல நிக்கறே?" என்றார் தையல்காரர்.

"இன்னும் கை காட்டலைண்ணே."

சிரிக்காதீர்கள். எனக்கும் அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. மில்லில் மூட்டை ஏற்றிக்கொண்டு எத்தனையோ லாரிகளில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனவன் நான். அவர்கள் புத்தி எனக்குத் தெரியும்.

"இந்தா பாரு, நீ கை நீட்டறதைப் பார்த்தா நிறுத்தச் சொல்றியா, கை கழுவப் போறியான்னே தெரியலை. தோளுக்கு நேரா விறைப்பா நீட்டு. லாரிக்காரன் உசரத்துல உக்காந்திருப்பான். டயரைப் பாக்காதே, அவன் கண்ணைப் பாரு. நீ கண்ணை எடுத்தா அவன் வண்டியை எடுத்துடுவான்."

அவள் என் கண்ணைப் பார்த்துக் கையை நீட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் பிரேக் பிடித்தது.

"நல்லாச் சொல்லிக் குடுக்கறீங்களே!" என்றாள். மில் பூட்டினதற்கு அப்புறம் என்னைப் பார்த்து யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்கு நான் சமைத்ததில் உப்பு கூடச் சரியாக இருந்தது.

கடைசிப் பரீட்சை டவுனில், மார்க்கெட் நாற்சந்தியில். நடுமேடையில் ஏறிப் போக்குவரத்தை நடத்திக் காட்ட வேண்டும். வண்டி நின்றால் வேலை, நிற்காவிட்டால் வீடு. நான் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனேன். அங்கே உடுப்பு மாட்டிக்கொண்டு அரை டஜன் ஆண்கள் நின்றார்கள். எனக்குத் திக்கென்றது.

"அவங்கள்லாம் யாரு?"

"சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்க."

"உடுப்புப் போட்டுக்கிட்டா?"

"பாக்க வசதியா இருக்குமாம்."

நான் மேலே கேட்கவில்லை. தானாக மூடிக்கொண்ட குழியை யாராவது தோண்டுவார்களா?

அவளுக்கு முன்னால் ஏறினவர்கள் பாடு பரிதாபம். விசில் ஊதினார்கள், கை நீட்டினார்கள், வண்டிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. மீசை தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து என் மனைவி மேடை ஏறினாள். இத்தனை நாள் விடியுமுன் எழுந்து ஓடினாளே, அதெல்லாம் இந்தச் சில நிமிஷத்தில் இருக்கிறது. கிட்டத்தில் போய்ப் பார்க்கலாமென்று சைக்கிளை மிதித்தேன். எனக்குப் பின்னால் ஒரு மினி பஸ் உறுமிக்கொண்டு வந்தது.

அவள் கையை நீட்டினாள். தோளுக்கு நேராக, விறைப்பாக.

நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக ஊன்றியது. வாய் தானாகப் "புஸ்ஸ்ஸ்" என்றது. சைக்கிள் நடுரோட்டில் குறுக்கே நின்றது. மினி பஸ் கிறீச்சென்று நின்றது. அதற்குப் பின்னால் தண்ணீர் லாரி, அதற்குப் பின்னால் மார்க்கெட்டுக்கு வந்த அத்தனை வண்டியும். பக்கத்துச் சாலை திறந்தது. காய்கறிக் கூடைக்காரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிதானமாகக் கடந்து போனார்கள்.

மினி பஸ்காரர் தலையை வெளியே நீட்டினார். "யோவ், நகருய்யா!"

"கை காட்டட்டும், நகர்றேன்."

"அவ என்ன உன் பொண்டாட்டியா, இப்படிப் பயப்படறே?"

"ஆமா."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒருத்தி இருக்க வேண்டும். அதற்கப்புறம் அவள் கை சொன்னபடி நாலு சாலையும் கேட்டது. மீசை மீசையைத் தடவிக்கொண்டு, "இந்தப் பொண்ணு கையில என்னமோ இருக்குய்யா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து முனையில் அவளுக்கு வேலை போட்டார்கள். தெருப்பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்தால் சல்யூட் அடிக்கின்றன. நானும் சில சமயம் அடித்துவிடுகிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். சில மாதம் கழித்து, அவளுக்கு லீவு நாள். கொல்லைப்பக்கம் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அந்த ஆட்டோ!

"டிராபிக் வார்டன் பயிற்சி! அடுத்த பேட்ச்! ஆண், பெண்..."

ஐயோ, இவள் காதில் விழுந்துவிடப் போகிறதே! கைக்கு அகப்பட்டது ஒரு பழைய சாக்கு. அதைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துவைக்கிற கல்லில் படார் படார் என்று அடித்தேன். ஆட்டோ தெருவைத் தாண்டுகிறவரை அடித்தேன். திரும்பினால், கொல்லை வாசற்படியில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஈரச் சாக்கை அடிக்கறது என்னோட வித்தை. அதை என்கிட்டயேவா காட்டறீங்க?"

சாக்கு என் கையிலிருந்து நழுவியது.

"அன்னைக்கு ஆட்டோ பின்தெருவுல கத்தினப்பவே எனக்கு எல்லாம் கேட்டுடுச்சு. நான் போறேன்னு நானே சொல்லியிருந்தா அக்கா, அத்தான்னு ஒரு படையைக் கூட்டியிருப்பீங்க. அதான் கடைசி வரி காதுல விழாத மாதிரி சாக்கை அடிச்சுட்டு, உங்களைப் போகச் சொன்னேன். நீங்க நேரா தையல்கார அண்ணன்கிட்ட யோசனை கேக்கப் போவீங்கன்னு தெரியாதா? உங்களுக்கு முன்னாடி நான் போயிட்டு வந்துட்டேன்."

அந்த முட்டைகள்! எங்கள் கோழி முட்டைகள்!

"சரி, அதை விடுங்க. இந்த பேட்ச்சுக்கு உங்க பேரைக் குடுத்திருக்கேன்."

"என்னையெல்லாம் எடுக்க மாட்டாங்கம்மா. சொல்லி அனுப்பறோம்பாங்க."

"சொல்லி அனுப்பியாச்சு. 'நடுரோட்டுல அசையாம நின்னானே, அந்த ஆளா? வரச் சொல்லு'ன்னாரு மீசை சார். 'லாரிக்காரன் கண்ணைப் பாருன்னு சொல்லிக் குடுத்ததும் இவர்தான் சார்'னேன். அப்படியான்னு கேட்டுக்கிட்டாரு."

வரச் சொல்லு. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவளும் சொன்னாள். ஆனாலும் ஆம்பளை இல்லையா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"போறேன். ஆனா ஒண்ணு. வீட்டுல வேணா நீ சொன்னபடி கேட்டிருக்கலாம். அங்க போனா நான் தனி ஆளு. மீசை சார் சொல்றதைத்தான் கேப்பேன்."

"மீசை சாருக்கு மாத்தல் ஆயிடுச்சுங்க. புது பேட்ச்சுக்குக் கை சைகை சொல்லிக் குடுக்கப் போறது நான்தான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் உள்ளங்கையைக் காட்டினாள்.

புஸ்ஸ்ஸ்.