எடைக் கொட்டகைச் சுவர்

ஓடைப்பட்டி,
திங்கட்கிழமை.

அன்புள்ள ஈஸ்வரபாண்டி மாமாவுக்கு, முனீஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் உடல் நலம். மற்ற நலங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். தாங்களும் அத்தையும் கோவையில் சுகமாயிருக்க வேலப்பர் துணை நிற்கட்டும்.

போனில் சொல்லாமல் எழுதக் காரணம் உண்டு. போன் என்றால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்வார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நம் தோட்டத்து எடைக் கொட்டகையில் வைஃபை இருப்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கும் அதே ரவுட்டர்தான். திராட்சை ஏற்ற வரும் கேரளத்து வியாபாரிகள் அடுத்த தோட்டத்துக்கு நகராமல் உட்காரட்டும் என்று, பாஸ்வேர்டைச் சுவரில் எழுத அப்பா பெயிண்டர் சுருளியாண்டியைக் கூப்பிட்டார். அவர் ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டில் கண்டதையெல்லாம் நீல எனாமலில் எழுதிவிட்டார். வைஃபை பாஸ்வேர்டு மட்டுமல்ல, ரவுட்டருக்குள் புகுந்து எதையும் மாற்றுவதற்கான பாஸ்வேர்டும் சேர்த்து. கேட்டதற்கு, "பாதி எழுதுனா சுவரு மொட்டையா இருக்கும்ல ஆத்தா" என்றார். ஓரத்தில் திராட்சைக் கொத்து வேறு. அந்தச் சுவரைப் படித்து யாரோ உள்ளே போய், எந்தப் பக்கத்துக்கு எங்கே போவது என்று வழிகாட்டும் டிஎன்எஸ் எண்களை மாற்றியிருக்கிறான். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், எனக்கு இப்போதுதான் புரிந்தது: சின்னமனூரில் மேகமலை பஸ் எது என்று கேட்டால், மேகமலை என்று போர்டு மாட்டிய வேறு பஸ்ஸில் ஏற்றிவிடும் ஆளை நிறுத்தியது போல. தங்கை கயல் கல்லூரிக் கவுன்சலிங் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. "அது எல்லாத்துக்கும் வரும்த்தா, தள்ளிவிடு" என்றார் அப்பா. தள்ளினாள். பக்கம் உடனே திறந்தது. அதுவரை சுற்றிக்கொண்டே இருந்த பக்கம் உடனே திறந்தால் பயந்திருக்க வேண்டும், வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். கோவை அரசுக் கல்லூரியை முதலில் போட்டாள். தன் போனுக்கு வந்த ஓடிபி எண்ணை அப்பா சத்தமாக, இரண்டு தரம் வாசித்தார். பக்கம் போலி. அதில் அவள் கொடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, உண்மையான பக்கத்தில் யாரோ வேறு ஒரே ஒரு கல்லூரியைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இடம் கிடைத்த அந்தக் கல்லூரியின் பெயரை நம்மில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கயல் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவுகிறாள், படுத்துக்கொள்கிறாள். ராக்கம்மாள் அத்தை வந்து, "படிப்பு போனாப் போகுது, போடியில ஒரு மாப்பிள்ளை இருக்காக" என்றார். அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை. காப்பி போடச் சொன்னார்.

புகார் எழுதிக் கொடுத்ததில், வரும் சனிக்கிழமை கடைசிச் சுற்றில் மறுபடி பதிய அனுமதித்திருக்கிறார்கள். இதுவும் போனால் அவ்வளவுதான். டிஎன்எஸ் எண்களைச் சரிசெய்து, இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், எனாமல் உள்ளிருந்து பார்க்கிறது. வியாபாரிகள் அதையே தட்டித் தட்டிப் பார்த்து, "கிட்டுந்நில்லா சேட்டா" என்று, நெட் கிடைக்கவில்லையென அப்பாவிடம் முறையிடுகிறார்கள். அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். வெள்ளிக்கிழமையே வந்து, ரவுட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, கயல் பதிந்து முடிக்கும்வரை கூட இருங்கள்.

அம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார். அத்தைக்கு என் அன்பு.

தங்கள் மருமகள்,
முனீஸ்வரி

பி.கு. மாப்ள, முத்துவீரன் எழுதுறேன். இந்தக் கடிதாசியத் திங்கக்கெழமையே போடச் சொல்லி மூத்த மக எங்கிட்டக் குடுத்துச்சு, சட்டைப் பையிலயே கெடந்துருச்சு. இன்னைக்குச் சனிக்கெழம. நீ பதறி வர வேணாம். குமுளி வியாபாரி ஒருத்தரு சொன்னாக, வைஃபை பொட்டிக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு, ஊக்க விட்டு அமுக்குனா பழசெல்லாம் திரும்பிரும்னு. செவ்வாக்கெழமையே அமுக்கிட்டேன். சுண்ணாம்பையும் சொரண்டிட்டேன். சுவத்துல இருக்குற ரெண்டு பாஸ்வேர்டுமே இப்ப வேலை செய்யுது, எல்லாரும் சந்தோசமா இருக்காக. மூத்ததுக்கிட்ட மட்டும் சொல்லல. சாயங்காலம் வேலை விட்டு வர்றவரைக்கும் எதையும் தொடாதீகன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அதுவரைக்கும் எதுக்குக் காக்கணும்னு கயலை நானே உக்கார வச்சுட்டேன். செவப்பா என்னமோ வந்துச்சு, தள்ளியாச்சு. பக்கம் டக்குன்னு தெறந்துருச்சு மாப்ள. புள்ள சிரிச்சுச்சு. எம் போனுக்கு நம்பர் வந்துருக்கு, கயலு கேக்குது. வாசிச்சுட்டு வந்து இத ஒட்டுறேன்.