நின்ற தண்ணீரில் பிறந்த பேத்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா இங்கபொர்க் அவர்களுக்கு,

ட்ரெல்லோய் தீவிலிருந்து ஹால்வார் மிகுந்த மரியாதையோடு எழுதுவது. இங்கே நானும், என் மகள் சுன்னிவாவும், அவளுக்கும் தங்கள் மகனுக்கும் பிறந்த பெண் குழந்தையும் ஓல்வா தாயின் கருணையால் சௌக்கியம். அங்கே தாங்களும், மாப்பிள்ளை யூஸ்தைனும், தங்கள் பூனையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் அனுப்பிய கம்பளிக் குல்லாய் வந்து சேர்ந்தது. குழந்தைக்குப் பெரிதாக இருக்கிறது. எனக்குச் சரியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் படகில் மகளையும் குழந்தையையும் அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். தாங்களும் தொட்டில் வாங்கி, வாசல் கதவுக்குச் சாயம் அடித்து, சொந்தபந்தம் எல்லாரையும் அழைத்து, ஏலக்காய் ரொட்டிக்கு மாவு வரை வாங்கி வைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அம்மா, குழந்தை வராது. இந்த ஞாயிறு மட்டுமில்லை, எந்த ஞாயிறும் வராது. கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. இது சாமி விஷயம்.

உங்கள் கரையில் ஒரு சாமி, ஒரு பாதிரியார், மணி அடித்தால் போய், முடிந்தால் வந்துவிடலாம், வசதியான ஏற்பாடு. எங்களுக்கும் சாமி ஒருத்திதான். ஆனால் ஓல்வா மூன்று விதமாக இருக்கிறாள். கடல் ஏறும்போது அவள் வருகிறவள். வற்றும்போது போகிறவள். ஏறி முடிப்பதற்கும் வற்றத் தொடங்குவதற்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதுபோல் தண்ணீர் சற்றே நிற்குமே, அப்போது நிற்கிறவள். வருகிறவளுடைய பூசாரிகளை வரவுக்காரர் என்போம். அவர்கள் யார் வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழையலாம், ஆனால் தாமாக வெளியே போகக் கூடாது. போகிறவளுடைய பூசாரிகள் போக்குக்காரர். அவர்கள் எங்கிருந்தும் போகலாம், எங்கேயும் வரக் கூடாது. அப்படியும் ஒரு வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்றால் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து நுழைவார்கள், தாய் பார்த்தால் போவதுபோல் தெரியும் என்று. போகும்போது வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார்கள், கேட்கக் கூடாது. உள்ளே வந்த வரவுக்காரரை வெளியே அழைத்துப் போக ஒரு போக்குக்காரர் வரவேண்டும். அப்படியானால் வரவுக்காரர் காலையில் தன் வீட்டைவிட்டு எப்படி வெளியே வருகிறார் என்று கேட்காதீர்கள், ஜன்னல் வழியாக என்று ஊரில் பேச்சு. நிற்கிறவளுக்கு மட்டும் ஒரே ஆள், நிலைக்காரி போர்கில்ட் அக்கா. அவள் தீவின் முனையில் ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். அவளுக்கு வேலையே வராது, ஏனென்றால் யாரும் அந்த நேரத்தில் பிறப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் பேத்தி பிறந்தாள். எங்கள் வழக்கப்படி மருத்துவச்சி முதலில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பாள், அப்புறம்தான் குழந்தையை. ‘ஏறுது’ என்று சொன்னால் வருகிறவளின் பிள்ளை, வரவுக்காரர் பெயர் வைப்பார். ‘வத்துது’ என்றால் போகிறவளின் பிள்ளை, போக்குக்காரர் வைப்பார். பெயர் வைக்காத பிள்ளையைப் படகில் ஏற்ற மாட்டார்கள். மருத்துவச்சி பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். “ஹால்வாரு, நீ துறையில கயிறு புடிச்ச ஆளு. வந்து பாத்துச் சொல்லு. எனக்குச் சொல்ல பயமா இருக்கு.”

நான் பார்த்தேன். அம்மா, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. படகுகளின் கயிறுகள் எல்லாம் தொய்ந்து தொங்கின. பாறையில் தண்ணீர் தொட்ட கோடு தொட்ட இடத்திலேயே இருந்தது. ஒரு பாசித் துண்டு துறையடியில் மிதந்தது, அது எந்தப் பக்கமும் போகவில்லை. பிறந்ததிலிருந்து என் காதில் இருக்கும் கடல் சத்தம் அப்போதுதான் நின்றது. நின்றபிறகுதான் இத்தனை காலம் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது. ஆயுசு முழுக்க அந்தத் துறையில் வேலை பார்த்திருக்கிறேன், தண்ணீர் நிற்கிற நேரத்தில் கயிறு பிடிக்க வேண்டாமே என்று உள்ளே போய் காப்பி குடித்திருக்கிறேன். இவ்வளவு பெரியது ஒன்று தினமும் வாசலில் நடந்திருக்கிறது, நான் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். “நிக்குது,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

செய்தி பரவிய வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வரவுக்காரர் எய்ஸ்டைன், நல்ல பருத்த ஆள், தட்டாமல் நுழைந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, “ஹால்வார் அண்ணே, கொழந்த தலை வெளிய வந்தப்ப கடல் ஏறிட்டுத்தான் இருந்துச்சாம். தலைதான கணக்கு? அது எங்க புள்ள” என்றார். சொல்லிவிட்டு மீன் சூப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரை வெளியே அழைத்துப் போக போக்குக்காரர் தோர்கில்ஸ் வரவேண்டும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே எய்ஸ்டைன் செவ்வாயும் புதனும் என் வீட்டில்தான். சூப்பு தீர்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி தீர்ந்து, குளிர்காலத்துக்கு நான் கட்டித் தொங்கவிட்டிருந்த உலர்ந்த மீனில் அவர் கைவைத்தபோது நானே போய் தோர்கில்ஸ் காலில் விழுந்தேன். அவர் வந்தார், பின்பக்கமாக. வாசற்படி தாண்டி, மகளுக்காகப் பக்கத்து வீட்டில் சுட்டுக் கொடுத்திருந்த பாலேட்டுக் கேக்கின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “தொப்புள்கொடி அறுத்தப்ப வத்தம் ஆரம்பிச்சிருச்சு. அறுத்தாத்தான் அது புள்ள. அதுக்கு முன்னாடி அது அம்மாவோட வயிறு. அந்தாளுக்கு இத யாராவது எடுத்துச் சொல்லுங்க.” எய்ஸ்டைன் என்னைப் பார்த்து, “மூஞ்சியக் காட்டிப் பேசச் சொல்லுங்கண்ணே. கேக்குல உக்காந்துக்கிட்டு சாமி பேச வந்துட்டாரு” என்றார். உள்ளே சுன்னிவா குழந்தையை அணைத்துக்கொண்டு, “அப்பா, கொழந்தையோட அப்பாவே இன்னும் இவளப் பாக்கல. யாராவது ஒருத்தர் ஒரு பேர வெச்சுத் தொலைங்களேன், நான் கெளம்பணும்” என்று அழ ஆரம்பித்தாள்.

ஆனால் மருத்துவச்சிக்காகக் கடலைப் பார்த்து நான் சொன்னது ‘நிக்குது’. சொன்னது சொன்னதுதான். போர்கில்ட் அக்காவுக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டும். அவள் விஷயத்தில் வழக்கம் என்னவென்றால், நிலைக்காரி வரவும் கூடாது, போகவும் கூடாது, இருக்க மட்டும்தான் வேண்டும். எனவே அவள் நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது. முனையிலிருந்து கொம்பு ஊதினால் ஊரே திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வியாழக்கிழமை கொம்பு ஊதியது. தபால்காரர் தபால் பெட்டியைப் பார்த்து நின்றார். பள்ளிக்கூடத்து டீச்சரும் பிள்ளைகளும் வேலியைப் பார்த்து நின்றார்கள். நாங்கள் சமையலறையில் அடுப்புச் சுவரைப் பார்த்து நின்றோம். ஏற்கெனவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தோர்கில்ஸ் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தவித்தார். அக்காவுக்கு முழங்கால் சரியில்லை. வர வெகுநேரம் ஆனது. பூட்ஸ் சத்தம் கேட்கிறது, இருமல் கேட்கிறது, நடுவழியில் யாருடைய நாயையோ திட்டுவது கேட்கிறது, எல்லாம் கேட்கிறது. ஆனாலும் சொல்கிறேன், நாங்கள் திரும்பியபோது, ஒரு நொடிக்கு முன்னால் யாரும் இல்லாத இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், என்றைக்கும் அங்கேயே நின்றவள் மாதிரி. என் கை தானாகக் குல்லாயைக் கழற்றியது.

அவள் ஒன்றும் செய்யவில்லை. மந்திரம் இல்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு நின்றாள். வெளியே கடல் ஏறி முடித்து நின்றது. எய்ஸ்டைன் வாயில் மீனோடு மெல்லாமல் இருந்தார். தோர்கில்ஸ், நான் பார்த்து முதல்முறையாக, நேராகத் திரும்பி முகத்தைக் காட்டினார்; பாவம், நல்ல முகம். எங்கள் எல்லாருக்கும் நடுவில் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. வரவும் இல்லை, போகவும் இல்லை, எல்லாம் இங்கேயே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது, செத்துப்போன என் மனைவி உட்பட. நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. பிறகு அக்கா, “மாரித்” என்றாள். அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று. தங்கள் பெயரை வைக்கச் சொல்லித் தாங்கள் எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் குறுக்கே பேச யாருக்கும் நாக்கு எழவில்லை.

இனிதான் விஷயம். நிற்கிறவளின் பிள்ளை படகில் ஏற முடியாது. அக்கா பிறந்ததிலிருந்து படகில் எங்கேயும் போனதில்லை, இது தீவுக்கே தெரியும். எய்ஸ்டைன், “நிக்கிறவளோட புள்ள அங்க எப்படிப் போய்ச் சேரும்?” என்றார். தோர்கில்ஸ், “இங்கேர்ந்து எப்படிப் போகும்?” என்றார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை ஊர் கண்டதில்லை. அக்காவைப் பார்த்தோம். அவள் பேசாமல் நின்றாள். சரிதான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். தோர்கில்ஸ் எய்ஸ்டைனை அழைத்துக்கொண்டு, என் காப்பிக் கெட்டிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அம்மா, எனக்கு வருத்தம் என்று எழுதினால் அது பொய். இந்த வீட்டில் நான் தனியாகச் சாப்பிட்டு, தனியாக ரேடியோ கேட்டு, தனியாகத் தும்மி, அதற்கு நானே ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டு இருந்தவன். இப்போது கொடியில் சின்னத் துணி காய்கிறது. சுன்னிவா என்னோடு பேசுவதில்லை, அது சரியாகிவிடும். மாப்பிள்ளை தூர்வாரும் கப்பல் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடலாம், துறையில் கயிறு பிடிக்க ஆள் தேவை, நானே சொல்லிக் கொடுப்பேன். தாங்களும் கோடையில் பூனையோடு வந்து தங்கலாம். தொட்டிலைப் படகில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். சாமி முடிவு செய்ததை நீங்களோ நானோ என்ன செய்ய முடியும்?

வருகிறவள் தங்கள் வாசலுக்கு நல்லதைக் கொண்டுவரட்டும், போகிறவள் தங்கள் முழங்கால் வலியைக் கொண்டுபோகட்டும், நிற்கிறவள் தங்களோடு நிற்கட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஹால்வார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனி செல்லாது. இந்தக் கடிதம் கிடைக்கும்போது மாரித் தங்கள் மடியில் இருப்பாள். சனிக்கிழமை சுன்னிவா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போய், நாங்கள் யாருமே இதுவரை செய்யாத காரியத்தைச் செய்திருக்கிறாள்: போர்கில்ட் அக்காவிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறாள். அக்கா சொன்னதாக மகள் வந்து சொன்னது இது: “படகுல ஏறக்கூடாதுன்னு எவன் சொன்னான்? எனக்கு வாந்தி வரும்டி, அதான் ஏறல. கயித்த அவுக்கறதுக்கு முன்னாடியே வந்துரும். தண்ணி இங்க மட்டுமா நிக்குது? எல்லாக் கரையிலயும் நிக்கும். உம் புருஷன் ஊர்லயும் நிக்கும். கூட்டிட்டுப் போ. கெளம்பறப்ப எல்லாரும் திரும்பி நிக்கணும், அவ்வளவுதான்.”

ஆகவே இன்று காலை படகுத்துறையில் ஊர் முழுக்கத் திரும்பி நின்றது. எய்ஸ்டைன் நின்றார், தோர்கில்ஸ் நின்றார், அக்காவும் நடக்க முடியாமல் நடந்து வந்து என் பக்கத்தில் மீன் கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றாள். அந்தத் துறையிலிருந்து போன ஒவ்வொரு படகையும் நான் கண்ணால் பார்த்து அனுப்பியிருக்கிறேன். என் பேத்தி போகிற படகை மட்டும் பார்க்கவில்லை. கயிறு அவிழ்கிற சத்தம் கேட்டது. இயந்திரம் கேட்டது. குழந்தை ஒருமுறை அழுதது, திரும்பத்தான் நினைத்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஹால்வாரு, இத்தன வருஷமா உங்க எல்லாரையும் நான் இப்படி நிக்க வெச்சிருக்கேன். இவ்வளவு கஷ்டம்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே” என்றாள்.

அடுத்த மாதம் அங்கே வருகிறேன். நான் வரும்போது யாரும் சுவரைப் பார்க்க வேண்டாம். குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும்.