ஒன்றே முக்கால் முழக் குடல்தோல்

எங்கள் தெருக்கோடியில் காலியாகக் கிடந்த மரக்கிடங்கில் வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு குடல் ஐயா வந்து உட்கார்ந்த நாளிலிருந்து ஊரில் ஒருவருக்கும் குடல் முழுசாக இல்லை. அதற்கு முந்தின வாரம் வரை எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஐயா ஒரு பித்தளைக் குழாயை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதைக் கொடுப்பார். "சொட்டுது," என்பார். அவ்வளவுதான். முடி கொட்டினால் குடலில் ஓட்டை. மகன் பேச்சைக் கேட்காவிட்டால் மகன் குடலில் அல்ல, பெற்றவர் குடலில் ஓட்டை. பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலில் வண்டியை நிறுத்தினால் அதற்கும் ஓர் ஓட்டை வைத்திருந்தார். இருபது வருஷ அழுக்கு குடலில் தோலாகப் படிந்து, சுவரை அரித்து, விஷம் ரத்தத்தில் கசிகிறதாம். அதற்கு ஒரு சாம்பல் நிறப் பொடி. வெந்நீரில் கலக்கிய உடனே ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும்; நிற்க விட்டால் சக்தி போய்விடும். மறுநாள் காலை பழைய தோல் கயிறாக வெளியே வரும்.

வந்தது. பொய் சொல்லக் கூடாது, எல்லோருக்கும் வந்தது. அதைக் கழுவி பாட்டிலில் போட்டுக் கொடுத்தால் ஐயா அலமாரியில் நீளவாரியாக அடுக்கி வைப்பார். முதல் தட்டில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரின் ஒன்றே முக்கால் முழம். முப்பது வருஷ சர்வீஸில் வாங்காத பெயரை மனிதர் அந்த ஒரு பாட்டிலில் வாங்கினார். அவர் தெருவில் நடந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என்னுடையது மூன்றாம் தட்டு. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

கடைசித் தட்டில் ஒரு சாண்கூட இல்லாத துண்டு, பஸ் டிரைவருடையது. எங்கள் எல்லோரிலும் அவர் ஒருவருக்குத்தான் குடலில் நிஜமாகவே புண் இருந்தது. ஒரு நாளும் விடாதே என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரைதான் தோலை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்றார் ஐயா. கடைசித் தட்டு அவமானம் தாங்காமல் டிரைவர் மாத்திரையை விட்டார், பொடியை இரட்டிப்பாக்கினார். ஒரே மாதத்தில் பெல்ட்டில் மூன்று புது ஓட்டைகள் போட்டார். மலத்தில் ரத்தம் வந்தது. விஷம் இறங்குகிறது என்று ஐயா சந்தோஷப்பட்டார்.

டிரைவரின் மனைவிக்குப் பைண்டிங் பட்டறையில் வேலை. பதினெட்டு வருஷமாகப் பசை காய்ச்சிப் புத்தகம் ஒட்டுகிறவர். அவர் தனியாக டாக்டரைப் போய்ப் பார்த்தார். குடலின் உட்பூச்சு ஒரே ஒரு செல் கனம்தான். நல்லதை உள்ளே விட்டுக் கெட்டதை நிறுத்துகிற காவல் அது. நாலைந்து நாளுக்கொரு தடவை தானே புதுசாகிவிடும். அதில் இருபது வருஷத் தோல் எங்கிருந்து வரும் என்று டாக்டர் கேட்டார். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் காவல் பல இடத்தில் உடைந்திருக்கிறது, மாத்திரை இல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் போனால் குடலை வெட்ட வேண்டி வரும் என்றும் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னபோது டிரைவர் அந்த வாரத்துப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "கண்ணால பாக்கிறேனே, இது பொய்யா?"

பைண்டரம்மா மூடியைத் திறந்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். அந்த விரல்களுக்குத் தெரியாத பசை கிடையாது. அதற்கப்புறம் அவர் வாதாடவில்லை.

வாராவாரம் ஐயா கிடங்கில் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் புருஷனோடு அவரும் வந்தார். கையில் கழுத்துக் குறுகிய கண்ணாடி ஜாடி, பிளாஸ்க்கில் வெந்நீர். அம்மாவும் திருந்திவிட்டாள் என்று ஐயாவுக்குப் பூரிப்பு. தாமே பொட்டலம் பிரித்து, தாமே கொட்டி, தாமே கலக்கி டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் வாய்க்குக் கொண்டுபோன ஜாடியை அம்மா வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சம் நிக்கட்டுங்க."

"நிக்கக் கூடாதும்மா. சக்தி போயிடும்," என்றார் ஐயா.

"போகட்டும் ஐயா. கலக்கின பசை அரை மணி நிக்கணும். அப்பதான் அது என்ன பசைன்னு தெரியும்."

கூட்டம் அவரை வெளியே போகச் சொன்னது. அவர் போகவில்லை. ஜாடியின் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஐயா நம்பிக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இடையிடையே ஜாடியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஜாடி யாரையும் பார்க்கவில்லை, தன் வேலையைப் பார்த்தது.

அரை மணி கழித்து அம்மா ஜாடியை ஒரு தட்டில் மெல்லச் சாய்த்தார். குறுகிய கழுத்து வழியே வழுக்கிக்கொண்டு வந்தது கயிறு. அதே நிறம், அதே சுருக்கம், அறாமல் ஒரே துண்டு. பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தார். இரண்டே கால் முழம்.

தலைமை எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த ஜாடிக்கு எத்தனை வருஷமா வயித்து வலின்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க ஐயா," என்றார் அம்மா.

ஐயா சளைக்கவில்லை. "ஜாடியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும்மா."

முதல் தட்டைப் பறிகொடுத்த தலைமை எழுத்தர் முன்னால் வந்தார். ஜாடி இருந்த இடத்தில் மேஜையைத் தடவினார். மோந்துகூடப் பார்த்தார். "காஞ்சு கெடக்குதே ஐயா," என்றார், சாவுச் சேதி சொல்கிற குரலில்.

டிரைவர் தட்டில் கிடந்த கயிற்றை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "மாத்திரையை எங்க வச்சே?"

"உங்க சட்டைப் பையிலதான் இருக்கு. தினமும் காலையில வச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

பிளாஸ்க்கில் வெந்நீர் மிச்சமிருந்தது.

டிரைவர் மாத்திரையை விழுங்குவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஐயா பின்வாசல் வழியாகக் கசிந்துவிட்டார். பித்தளைக் குழாயை மட்டும் விட்டுப் போனார். எங்கள் தெரு பிளம்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைகழுவும் தொட்டிக்கு அடியில் மாட்டுகிற குழாய் என்றார்.

ஒரு செல் கனத்துச் சுவர் ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்தி, நீ யார் என்று விசாரித்துத்தான் உள்ளே விடுகிறது. இரண்டு காதுக்கு நடுவே கெட்டியான எலும்புப் பெட்டி வைத்திருக்கிற நாமோ வருகிறவன் சொன்னதையெல்லாம் அப்படியே உள்ளே விட்டோம். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கக் குழாய் வேண்டாம். யார் எதை "உடனே குடி" என்றாலும் அரை மணி நேரம் மேஜைமேல் வைத்துப் பாருங்கள்.